சேலத்துக் கற்களை வைத்துப் படிவுப் பாறையை அறிவது எப்படி?

சேலத்துக்கு வடமேற்கே வெள்ளைக்கல் வெட்டும் கரடுகளுக்கு ஆங்கிலேயர் வைத்த பெயர் 'சாக் ஹில்ஸ்'. சாக் என்பது கடலில் வாழ்ந்த நுண்ணுயிர்களின் ஓடுகள் படிந்து இறுகிய மென்மையான சுண்ணாம்புக்கல். அசல் படிவுப் பாறை. மாமாங்கம், செட்டிச்சாவடி பக்கம் தோண்டி எடுக்கிற வெள்ளைக்கல்லோ மேக்னசைட். டூனைட் என்ற பச்சை நிறத் தீப்பாறையின் விரிசல்களில் கரியமில வாயு கலந்த நீர் புகுந்து, அந்தப் பாறையில் இருந்த மக்னீசியத்தைப் பிடித்து உண்டாக்கியது அது. கடலுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. வெள்ளையாக இருக்கிறதே என்று பெயர் வைத்துவிட்டார்கள். அதே தவறைத்தான் கல் பொறுக்கத் தொடங்குகிற எல்லாரும் முதல் வாரத்தில் செய்கிறார்கள்.

சேலத்தில் இருந்துகொண்டு படிவுப் பாறை படிக்க நினைப்பவர் ஒன்றைத் தெரிந்துகொண்டு தொடங்க வேண்டும். இங்கே படிவு ஏராளம். படிவுப் பாறை கிட்டத்தட்ட கிடையாது. சேர்வராயன் மலை முழுக்கச் சார்னோகைட், சமவெளியில் நைஸ். இரண்டும் ஆழத்தில் வெந்து உருமாறியவை. ஆனால் அந்தக் கல் உடைவதும், மணலாகி ஆற்றில் போவதும், ஏரியில் வண்டலாகப் படிவதும் இங்கே தினமும் நடக்கிறது. இறுகிக் கல்லாகிவிட்டதைப் பார்க்க மட்டும் ஆத்தூர், பெரம்பலூர் வழியாக அரியலூர் போக வேண்டும். ஆகவே பாதி வேலையை இங்கேயே முடித்துவிட்டுப் போவது நல்லது.

கையில் வேண்டியவை

10 மடங்கு பெரிதாக்கும் கை லென்ஸ், அரைக் கிலோ சுத்தியல், கண்ணாடி (வெயிலுக்கானது வேண்டாம், கண்ணை மூடிக் காக்கும் பிளாஸ்டிக் கண்ணாடி), பழைய பேனாக்கத்தி, பழைய ஸ்பீக்கரில் இருந்து கழற்றிய காந்தம், மில்லிமீட்டர் ஸ்கேல், சொட்டு மூடி போட்ட சிறிய பாட்டிலில் வினிகர். காந்தத்தைப் பிளாஸ்டிக் பையில் சுற்றித்தான் மணலில் விட வேண்டும்; இல்லாவிட்டால் ஒட்டிக்கொண்ட கருமணலைப் பிய்த்து எடுக்க ஒரு நாள் ஆகும்.

வினிகர், கல் நுரைக்கிறதா என்று பார்க்கும் சுண்ணாம்புச் சோதனைக்கு. பள்ளி ஆய்வகத்தில் 10 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலம் கிடைத்தால் அந்தச் சோதனை தெளிவாக வரும். நீர்க்கச் செய்யும்போது தண்ணீரில் அமிலத்தை ஊற்ற வேண்டும். அமிலத்தில் தண்ணீரை ஊற்றினால் தெறிக்கும். கடையில் விற்கும் கழிவறை ஆசிட்டை இதற்குப் பயன்படுத்த வேண்டாம்.

மலையில் பார்க்க வேண்டியது

ஏற்காடு மலைப்பாதையில் சரிவை வெட்டிய இடங்களில் பெரிய உருண்டைக் கற்கள் வெங்காயத் தோல் போல உரிந்து நிற்கும். உள்ளே நீலம் கலந்த கருமை, எண்ணெய் பூசியதுபோல ஒரு மினுக்கம். வெளியே விரல்கடை கனத்துக்குத் துருப்பிடித்த பழுப்பு. அந்தப் பழுப்புத் தோல்தான் வானிலைச் சிதைவு. இந்தக் கல்லுக்குச் சார்னோகைட் என்ற பெயர் வந்தது 1893இல். தாமஸ் ஹாலந்து என்ற புவியியலாளர், கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக்குப் போட்டிருந்த தமிழ்நாட்டுக் கல்லைப் பார்த்து வைத்தார்.

சார்னோகைட்டில் முக்கியமாக மூன்று கனிமங்கள்: குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார், ஹைப்பர்ஸ்தீன். மழைநீர் இந்த மூன்றையும் மூன்று விதமாக நடத்துகிறது. குவார்ட்ஸ் எதற்கும் அசையாது, அப்படியே மணலாகிறது. ஃபெல்ட்ஸ்பார் மெல்லக் களிமண்ணாக மாறுகிறது. ஹைப்பர்ஸ்தீனில் இருக்கும் இரும்பு துருவாகி மண்ணைச் சிவப்பாக்குகிறது. பின்னால் வரப்போகும் மணற்கல், களிப்பாறை, அவற்றை ஒட்டவைக்கும் சிவப்புப் பசை ஆகிய எல்லாவற்றுக்கும் மூலப்பொருள் இங்கே தயாராகிறது. பழுப்புத் தோலில் ஒரு பிடி சுரண்டித் தண்ணீரில் கலக்கிப் பாருங்கள்: கலங்கல் களிமண், அடியில் தங்குவது குவார்ட்ஸ்.

ஆற்றில் மூன்று பிடி

திருமணிமுத்தாறு சேர்வராயன் மலையில் தோன்றி, சேலம் ஊருக்குள் புகுந்து, நாமக்கல் மாவட்டத்தில் காவிரியில் சேர்கிறது. மலையடிவாரத்தில் ஒரு பிடி, ஊரைத் தாண்டி ஒரு பிடி, காவிரியை நெருங்கும் இடத்தில் ஒரு பிடி. ஊருக்குக் கீழே எடுக்கும்போது கையுறை கட்டாயம். சாக்கடை கலந்த மணலை ஐந்தாறு முறை அலசிக் காயவைத்த பிறகே லென்ஸுக்குக் கீழே வைக்க வேண்டும்.

பார்க்க வேண்டியவை மூன்று. ஒன்று, பருமன். கடுகைவிடப் பெரியதைச் சரளை என்று ஒதுக்குங்கள். சரியான எல்லை 2 மி.மீ. 2 மி.மீ. முதல் 0.0625 மி.மீ. வரை மணல். அதற்குக் கீழே 0.0039 மி.மீ. வரை வண்டல். அதற்கும் கீழே களிமண். கண்ணுக்குத் துகள் தெரிந்தால் மணல். தெரியாமல் விரலிடையில் நறநறத்தால் வண்டல். வெண்ணெய்போல வழுக்கினால் களிமண். இரண்டு, சீர்மை. எல்லாம் ஒரே பருமனில் இருந்தால் தண்ணீர் நிதானமாகச் சலித்திருக்கிறது. பெரியதும் சிறியதும் கலந்து கிடந்தால் வெள்ளம் ஒரே மூச்சில் கொட்டிவிட்டுப் போயிருக்கிறது. மூன்று, முனை. கூர்முனையோ, மழுங்கலோ.

இந்த மூன்றாவதில் பாடப்புத்தகம் சொல்வதை அப்படியே எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். கூழாங்கல் சில கிலோமீட்டர் உருண்டாலே மழுங்கிவிடும். மணல் அப்படியல்ல, எடை குறைவு என்பதால் தண்ணீரில் மிதந்து தாவிப் போகிறது, மோதும் வேகம் போதாது. இவ்வளவு குட்டை ஆற்றில் மூன்று பிடி மணலும் கூர்முனையோடுதான் இருக்கும். அதற்குப் பதிலாக ஃபெல்ட்ஸ்பாரைத் தேடுங்கள்: பால் வெள்ளை, தட்டையான முகம், லென்ஸைச் சாய்த்தால் பளிச்சென்று மின்னும். மலைக்குப் பக்கத்து மணலில் இது நிறைய. பயணமும் சிதைவும் கூடக் கூடக் குறைந்து, குவார்ட்ஸ் மிஞ்சும். பல கோடி ஆண்டு கழித்து ஒருவர் மணற்கல்லில் ஃபெல்ட்ஸ்பார் மிகுந்திருப்பதைப் பார்த்தால், "மலை பக்கத்தில்தான் இருந்திருக்கிறது" என்று சொல்லிவிடுவார்.

காந்தத்தில் ஒட்டும் கருப்புத் துகள் மேக்னடைட் என்ற இரும்புக் கனிமம். இளஞ்சிவப்புக் கண்ணாடித் துண்டு போல இருந்தால் கார்னெட்.

பாட்டிலில் படியவைத்தல்

நேர்ச்சுவர் உள்ள ஒரு லிட்டர் கண்ணாடி ஜாடி. மூன்றில் ஒரு பங்கு ஏரி வண்டலும் ஆற்று மணலும் கலந்த மண். கல்லும் வேரும் பொறுக்கி, கட்டியை நசுக்கிப் போட வேண்டும். கழுத்துக்கு இரண்டு விரல் கீழே வரை தண்ணீர். அரைத் தேக்கரண்டி சலவைச் சோடா. மூடியை இறுக்கிப் பத்து நிமிடம் குலுக்கி, ஆடாத மேடையில் வைத்துக் கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்குங்கள்.

ஒரு நிமிடத்தில் மணல் படிந்துவிடும். அந்த மட்டத்தில் கோடு போடுங்கள். இரண்டு மணி நேரத்தில் வண்டலில் பெரும்பகுதி. களிமண்ணுக்கு இரண்டு நாள். வேறுபாடு ஏன் இவ்வளவு? துகளின் விட்டம் பாதியானால் அது மூழ்கும் வேகம் கால்வாசியாகிறது. 0.0625 மி.மீ. துகள் 10 செ.மீ. இறங்க அரை நிமிடம் போதும், 0.002 மி.மீ. துகளுக்குச் சுமார் எட்டு மணி நேரம் வேண்டும். அடியில் பருமன், மேலே நுண்மை என்று வரும் இந்த வரிசையை அரியலூர்க் கல்லில் பார்த்தால், ஓடிவந்த தண்ணீர் வேகம் குறைந்து நின்ற இடம் என்று படிக்கலாம்.

கெடும் இடங்கள்: சோடா போடாவிட்டால் களிமண் கட்டிகளாகவே இறங்கி மணலைப்போல நடிக்கும். குலுக்கிய பிறகு ஜாடியை நகர்த்தினால் அடுக்கு கலங்கும். மேல் அடுக்கில் தண்ணீர் நிறைந்திருப்பதால் களிமண் உண்மையில் இருப்பதைவிடக் கூடுதலாகத் தெரியும். உயரத்தை வைத்துச் சதவீதம் போடுபவர்கள் இதை மறக்கக்கூடாது.

இரண்டாவது ஜாடியில் சோடாவுக்குப் பதில் ஒரு கைப்பிடி உப்புப் போட்டுச் செய்யுங்கள். கலங்கல் சில மணி நேரத்திலேயே தெளியும். உப்பு, களிமண் துகள்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்துக் கனமாக்கிவிடுகிறது. மேட்டூரில் இருந்து காவிரி சுமந்து போகும் நுண்கலங்கல் பூம்புகாரில் கடல்நீரைத் தொட்டதும் படிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மேட்டூர் அணையில் நீர் இறங்கியிருக்கும் கோடையில் பண்ணவாடிப் பக்கம் போனால், படிந்த வண்டல் வெயிலில் வெடித்து ஐங்கோணம், அறுகோணமாகப் பிளந்திருப்பதைப் பார்க்கலாம். அந்த வெடிப்புகளை அடுத்த வெள்ளத்து மணல் நிரப்பினால், கல்லான பிறகும் தடம் அழியாது.

டம்ளரில் மணற்கல்

படிவு கல்லாக இரண்டு காரியம் நடக்க வேண்டும். மேலே ஏறும் சுமை தண்ணீரைப் பிழிய வேண்டும். துகளிடை வெளியில் ஏதாவது பசை ஊற வேண்டும். களிமண்ணுக்கு முதலாவது முக்கியம், ஏனென்றால் புதுச் சேற்றில் பாதிக்கு மேல் தண்ணீர்தான். மணலுக்கு இரண்டாவது முக்கியம். இயற்கையில் கிடைக்கும் பசைகள் பெரும்பாலும் கால்சைட் (சுண்ணாம்புக்கல்லின் கனிமம்), சிலிக்கா (குவார்ட்ஸின் பொருள்), இரும்புத் துரு.

கால்சைட் பசையை வீட்டிலேயே செய்யலாம். நீற்றிய சுண்ணாம்பு ஒரு பங்கு, அலசிக் காய்ந்த மணல் மூன்று பங்கு. பிடித்தால் உருண்டை நிற்கும் அளவுக்கு மட்டும் தண்ணீர். காகிதக் கப்பில் இரண்டு அங்குல உயரத்துக்கு இடித்து இறுக்கி நிழலில் வையுங்கள். ஒரு வாரம் கழித்துக் காகிதத்தைக் கிழித்துவிட்டு, தினம் ஒரு முறை தண்ணீர் தெளித்து நான்கு வாரம் காற்றில் விடுங்கள். சுண்ணாம்பு காற்றில் உள்ள கரியமில வாயுவை இழுத்துக் கால்சைட்டாக மாறுகிறது. பழைய வீட்டுச் சுண்ணாம்புக் காரையின் கதையும் இதுவே.

நீற்றாத சுண்ணாம்பைத் தொடவே கூடாது, கொதித்துச் சுடும். நீற்றியதும் கண்ணில் பட்டால் ஆபத்து, கையுறையும் கண்ணாடியும் வேண்டும். வெயிலில் வைத்தால் ஈரம் போய் மாற்றம் நின்றுவிடும், பொடிந்து உதிரும். தண்ணீர் அதிகமானால் சுருங்கி வெடிக்கும். பாலிதீன் பையில் மூடி வைத்தால் காற்றுப் படாமல் மாதம் ஆனாலும் இறுகாது.

நான்கு வாரம் கழித்து வெளிப்பக்கம் ஒரு சொட்டு வினிகர் விடுங்கள், நுரைக்கும். பிறகு கட்டியை உடைத்து நடுவில் விடுங்கள். அங்கே நுரை குறைவாகவோ இல்லாமலோ இருந்தால், சுண்ணாம்பு இன்னும் கால்சைட்டாகவில்லை என்று பொருள். ஒரு துண்டை வினிகரில் ஊறவைத்தால் பசை கரைந்து மணல் மணலாகவே உதிரும்.

ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு கப்பில் சுண்ணாம்புக்குப் பதில் களிமண் போட்டுக் காயவையுங்கள். கல்போல இறுகும்; ஒரு கிண்ணம் தண்ணீரில் போட்டால் சில நிமிடத்தில் குழையும். களிமண் மட்டுமே பிடித்து வைத்திருக்கும் மணற்கல் மழைக்கு நிற்காமல் போவதற்குக் காரணம் அதுதான்.

வகைப்படுத்துவது

படிவுப் பாறையில் மூன்று குடும்பம். உடைந்த துகள்கள் சேர்ந்தவை. நீரில் கரைந்திருந்தது வெளியே வந்து படிந்தவை. உயிரினங்களின் மிச்சத்தில் உருவானவை.

முதல் குடும்பத்தில் பருமனே பெயர் வைக்கும். சரளை இறுகினால், கல் உருண்டையாக இருந்தால் கூட்டுப்பாறை, கூர்முனையாக இருந்தால் பிரெச்சியா. மணல் இறுகினால் மணற்கல். வண்டல் இறுகினால் வண்டல்கல். களிமண் இறுகி, ஏடு ஏடாகப் பிரிந்தால் ஷேல். ஷேலின் மேல் வாயால் ஊதி முகர்ந்தால் முதல் மழையின் மண்வாசம் வரும்.

இரண்டாவதில் கல்லுப்பு, ஜிப்சம், சில சுண்ணாம்புக்கற்கள். 100 மி.லி. தண்ணீரில் சுமார் 36 கிராம் உப்புக் கரையும். அகலத் தட்டில் வெயிலில் வைத்தால் இந்தக் குடும்பம் எப்படிப் பிறக்கிறது என்று இரண்டு நாளில் தெரிந்துவிடும்.

மூன்றாவதில் சிப்பிச் சுண்ணாம்புக்கல், சாக், நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி. சுண்ணாம்புக்கல் இரண்டாவதிலும் மூன்றாவதிலும் வருகிறதே என்று குழம்ப வேண்டாம். லென்ஸில் ஓட்டுத் துண்டு தெரிந்தால் மூன்றாவது.

சேலத்தில் ஏமாற்றும் கற்கள்

பழகியவர்களும் சறுக்கும் இடம் இது. பல கற்கள் ஏதோ ஒரு விதத்தில் படிவுப் பாறையைப்போல நடிக்கின்றன.

வெள்ளைக்கல்: குளிர்ந்த வினிகரோ நீர்த்த அமிலமோ விட்டால் சும்மா இருக்கும். சுண்ணாம்புக்கல் உடனே நுரைக்கும். மேக்னசைட் நுரைக்க அமிலத்தைச் சூடாக்க வேண்டும். அதை ஆசிரியர் முன்னிலையில் ஆய்வகத்தில் மட்டும் செய்யுங்கள். கத்தியும் துணை செய்யும்: 1 முதல் 10 வரை போகும் மோஸ் கடின அளவில் சுண்ணாம்புக்கல் 3, மேக்னசைட் 3.5 முதல் 4.5 வரை.

சங்ககிரிச் சுண்ணாம்புக்கல்: நன்றாக நுரைக்கும். ஆனாலும் படிவுப் பாறை அல்ல. உடைத்த முகத்தில் சர்க்கரைப் பாகு உறைந்ததுபோல படிகங்கள் ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டு மின்னும். பழைய சுண்ணாம்புப் படிவு வெந்து மறுபடிகமானது. அமிலச் சோதனை கனிமத்தைத்தான் சொல்லும், பாறையின் பிறப்பைச் சொல்லாது.

நைஸ்: கருப்பும் வெள்ளையுமாகக் கோடு கோடாக இருப்பதால் அடுக்கு என்று எண்ணத் தோன்றும். ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். துளை உள்ள மணற்கல் குடித்துவிடும். நைஸில் சொட்டு அப்படியே நிற்கும். லென்ஸில் பார்த்தால் மணற்கல்லில் துகள்களுக்கு நடுவே பசை தெரியும், நைஸில் இடைவெளியே இருக்காது.

கஞ்சமலைக் கல்: கருப்பு மேக்னடைட், வெளிர் குவார்ட்ஸ் என்று மாறி மாறி வரும். காந்தம் ஒட்டும். 200 கோடி ஆண்டுகளுக்கும் முன் நீரில் கரைந்திருந்த இரும்பும் சிலிக்காவும் படிந்த அடுக்குகள் பிறகு உருமாறியவை. பிறப்பால் படிவு, இப்போதைய வகையில் உருமாறிய பாறை. மாவட்டத்தில் ஒரே ஒரு கல் எடுத்துவைக்கலாம் என்றால் இதைத்தான் எடுக்கச் சொல்வோம்.

ஏற்காட்டுப் பாக்சைட்: பட்டாணி பட்டாணியாக இருப்பதால் கூட்டுப்பாறை என்று சொல்லிவிடுவார்கள். ஒரு பட்டாணியை உடையுங்கள். உள்ளே வளையம் வளையமாக ஒரே பொருள் என்றால் பாக்சைட். மழை மற்றதை எல்லாம் கழுவிக்கொண்டு போக, அலுமினியமும் இரும்பும் இருந்த இடத்திலேயே மிஞ்சியது. கூட்டுப்பாறையில் ஒவ்வொரு கல்லும் வேறு வேறு பாறையாக இருக்கும். உடைந்த கான்கிரீட்டும் கூட்டுப்பாறை வேஷம் போடும். ஜல்லி எல்லாம் ஒரே கல், முனையெல்லாம் கூர்மை, நடுவே சிறு காற்றுக்குமிழ் ஓட்டை என்றால் தூக்கி எறியலாம்.

சுக்கான்கல்: இது ஒன்றுதான் ஏமாற்றாத கல். சேலம் மாவட்டத்தின் வறண்ட காடுகளில் உழும்போது வெள்ளையாக, முண்டும் முடிச்சுமாகக் கிளம்பும். மண்ணில் ஊறிய நீர் வெயிலில் ஆவியாகும்போது விட்டுச்சென்ற கால்சைட். நன்றாக நுரைக்கும். இன்றைக்கும் உருவாகிக்கொண்டிருக்கிற படிவு இது. அதிலும் ஒரு பொறி உண்டு: சார்னோகைட்டின் மேல் சுக்கான் பூச்சுப் படிந்திருந்தால் கருங்கல்லே நுரைப்பதுபோலத் தெரியும். எந்தக் கல்லானாலும் புதிதாக உடைத்த முகத்தில்தான் சோதனை.

அரியலூர் போகும்போது

அங்கே இருப்பவை கிரெட்டேசியஸ் காலத்தில் கடல் உள்ளே வந்து விட்டுச்சென்ற அடுக்குகள். ஏறத்தாழ 11 கோடி முதல் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முந்தியவை. பழமையிலிருந்து புதுமைக்கு உத்தத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று மூன்று தொகுதி.

பெரம்பலூர்ப் பக்கம் காரை கிராமத்தில் களிமண் அடுக்குகள் மழையில் அரித்து மடிப்பு மடிப்பாக நிற்கும். ஊடே நகத்தால் கீறக்கூடிய ஜிப்சம் பட்டைகள். கருடமங்கலத்தில் சிப்பி நிறைந்த சுண்ணாம்புக்கல். மெருகேற்றி விற்பதால் 'திருச்சி மார்பிள்' என்ற பெயர், ஆனால் மார்பிள் அல்ல. சாக் ஹில்ஸின் தம்பி என்று வைத்துக்கொள்ளலாம். கல்லங்குறிச்சியில் சிப்பிகள் குவிந்த சுண்ணாம்புக்கல், சிமென்ட் ஆலைகளுக்குப் போவது. சாத்தனூரில் 18 மீட்டர் நீளக் கல்மரம். அது பாதுகாக்கப்பட்ட இடம், சுத்தியலைப் பையில் இருந்து எடுக்கக்கூடாது. சுரங்கங்களுக்குள் போக முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும்.

மழைக்காலத்தில் காரைப் பக்கம் போனால் களிமண் காலை விடாது. ஜனவரி முதல் மார்ச் வரை நல்லது. கல் எடுத்தால் அந்த இடத்திலேயே காகிதத்தில் ஊர், அடுக்கு கீழிருந்து எத்தனையாவது, எந்தப் பக்கம் மேலே இருந்தது என்று எழுதி, கல்லோடு சேர்த்துச் சுற்றுங்கள். மேல்பக்கத்தைக் கல்லிலேயே அம்புக்குறி போட்டு வைப்பது இன்னும் நல்லது. வீட்டுக்கு வந்த பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று விட்டால், எது தலை எது கால் என்று கல் சொல்லாது.